இரண்டு வாசலுக்கு வாக்குக் கொடுத்த நஞ்சுக்கொடி

பாப்பா,

கடிதம் என்றால் நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நீ நலமா என்று இன்று காலையிலிருந்து நர்ஸ் மிஸ்ஸியிடம் நான் கேட்ட கேட்பில், அவள் என் தலை தெரிந்தாலே திரையை இழுத்து விட்டுக்கொள்கிறாள். அதனால் அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் நம் வேனுக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் மேல் ஒரு அட்டையை வைத்து எழுதுகிறேன். இங்கிருந்து உன் வார்டின் ஜன்னல்கள் தெரிகின்றன. எது உன்னுடையது என்று தெரியாது. பச்சைத் துண்டு காய்கிற ஜன்னல்தான் உன்னுடையது என்று நானே முடிவு செய்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா மேலே உன்னோடு இருக்கிறாள். நாளைக் காலை உனக்கு ஆபரேஷன். இதையெல்லாம் நேரில் வந்து சொல்லலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் உன் பிரஷர் ஏறுகிறது என்று மெஷினே காட்டிவிட்டது. எழுத்தில் அப்பாவின் சத்தம் கேட்காது. அதற்காகத்தான் இது.

நம் ரெம்பியா ஊர் முழுக்க என்னை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடும், என்னைவிட மூத்தவர்கள்கூட. படிவம் மூன்றோடு என் படிப்பு நின்றது. அதற்குக் காரணம் நான் அல்ல, கணக்கு வாத்தியார். ஆனால் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றிய லாரியை நான் ஓட்டியதுபோல் இந்த மலாக்கா மாநிலத்தில் இன்னொருவன் ஓட்டியது கிடையாது. வெள்ளம் வந்த வருடம் அலோர் காஜா பாதையில் தண்ணீர் ஸ்டியரிங் வரைக்கும் ஏறியும் இஞ்சின் நிற்காமல் ஓட்டி வந்தேனே, கண்ணாடிக்கு வெளியே மீன் நீந்திப் போனதே, அந்தக் கதையை நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய்! "மீனும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி டயர்ல பாதிதான். பக்கத்துல நான்தான உக்காந்திருந்தேன்" என்பாள் உன் அம்மா. அவளுக்குக் கண் கொஞ்சம் குறைவு. நீ மட்டும், "மீன் என்ன கலர்ப்பா?" என்று கேட்பாய். ஒவ்வொரு தடவையும் ஒரு கலர் சொல்வேன். நீ தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாய். போன தடவை நான் சொன்ன கலர் உனக்குக் கண்டிப்பாக ஞாபகம் இருந்திருக்கும். இருந்தும் என்னைப் பிடித்துக் கொடுத்ததில்லை. நீ அப்போதே ஆராய்ச்சிக்காரிதான், அப்பாவையும் சேர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தாய்.

இப்போது அந்தப் பெருமையையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, எனக்குத் தூக்கம் கெடுக்கிற ஒன்றைச் சொல்கிறேன். தலைவலி இருப்பதை நீ பல நாள் யாரிடமும் சொல்லவில்லை. கண் முன்னால் மின்மினி பறப்பதுபோல் இருந்தது என்பதையும் சொல்லவில்லை. கால் வீங்கியதை அம்மாவே பார்த்துச் சண்டை போட்ட பிறகுதான் கிளினிக்குக்கு வந்தாய். பிரஷரைப் பார்த்துவிட்டு டாக்டர் உன்னை வீட்டுக்கு அனுப்பாமல் நேராக இங்கே அனுப்பினார். இந்த நோயைப் பற்றித்தான் நீ படிக்கிறாய். கர்ப்பிணிக்குப் பிரஷர் ஏறினால் எது எதைக் கவனிக்க வேண்டும் என்று நம் தாமான் குடியிருப்புப் பெண்களுக்கெல்லாம் நீதானே சொன்னாய்? உனக்கு வந்தபோது ஏன் வாயை மூடிக்கொண்டாய் என்று கோபமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் அந்தப் பள்ளி ஓட்டப்பந்தயம் ஞாபகம் வந்தது. செம்பனை முள் குதிகாலில் ஏறி ஒடிந்து உள்ளேயே இருக்க, நீ ஓடி முடித்து, நொண்டிக்கொண்டு வந்து நின்றாய். உதடு துடித்தது. நான் உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, கூடியிருந்த அத்தனை பேரிடமும், "பாத்தீங்களா லா, என் மக அழவே மாட்டா! முள்ளு எலும்பு வரைக்கும் போயிருக்கு, ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல இல்ல" என்றேன். எலும்பு வரைக்கும் போகவில்லை. ஆனால் உனக்கு வலித்தது. நீ அழத்தான் போனாய். நான் ஊர் முன்னால் சொல்லிவிட்டதால் விழுங்கிக்கொண்டாய். அதன் பிறகும் ஊசி போட்டால், பல் பிடுங்கினால், "அங்கிளோட மக அழ மாட்டா" என்று எல்லாரும் சொல்வார்கள், நீயும் அழ மாட்டாய். என் வாயால் வந்த ஒரு பெருமையை நீ இத்தனை வருடம் சுமந்து, தலைவலி வரைக்கும் கொண்டுவந்துவிட்டாயோ என்று பயப்படுகிறேன். அப்பா சொன்னது பொய் பாப்பா. நீ நன்றாக அழுவாய். பிறந்த அன்று நீ அழுதது ரோட்டுக்குக் கேட்டது, இது கூட்டிச் சொன்னதல்ல, உன் அம்மாவையே கேள். வலித்தால் சொல். மிஸ்ஸி முகத்தைச் சுளித்தாலும் சொல். லாரியில் சிவப்பு விளக்கு எரியும்போது அதன் மேல் துணியைப் போட்டு மூடி ஓட்டுகிறவன் டிரைவரே இல்லை.

உன் வேலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீ நினைக்கலாம். எனக்குத் தெரிந்தது கொஞ்சமல்ல. செம்படாக் கொட்டையிலிருந்து தொடங்கியது அது. ஒரு நாள் நீ போன் செய்து, "அப்பா, நம்ம வீட்டுச் செம்படாக் பழுத்திருக்கா? கொட்ட வேணும்" என்றாய். எவ்வளவு வேண்டும் என்றேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்றாய். பலாவுக்குத் தம்பி மாதிரியான அந்தப் பழம் நம் வீட்டுப் பின்புறம் காய்ப்பதுபோல் எங்கும் காய்க்காது, ஒவ்வொன்றும் ஆள் உயரம் இருக்கும். நானும் அம்மாவும் உட்கார்ந்து கொட்டைகளை எடுத்தோம். மகள் கேட்டிருக்கிறாள், பச்சையாகவா கொடுத்து அனுப்புவது? உன் அம்மா ஒவ்வொன்றையும் வழுவழுப்புப் போகக் கழுவி, தோல் சுரண்டி, உப்புப் போட்டுப் பக்குவமாக வேகவைத்து, ஆறவைத்து, இரண்டு டப்பாவில் அடுக்கிக் கொடுத்தாள். நான் வேனை எடுத்துக்கொண்டு மலாக்காவுக்கு வந்து, உன் லேப் வாசலில் இருந்த காவலாளியிடம், "ஆராய்ச்சிக்கு முக்கியமான பொருள் வந்திருக்கு" என்று சொல்லி உள்ளே வந்தேன். நீ மூடியைத் திறந்தாய். அவித்த வாசனை வந்தது. உன்னோடு வேலை பார்க்கும் ஃபரிடா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. "அப்பா, இது வெந்துருச்சு" என்றாய். "ஆமா, நல்லா வெந்திருக்கு, சாப்ட்டுப் பாரு" என்றேன்.

அன்றைக்குத்தான் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னாய். கொட்டைக்குள் லெக்டின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதற்கு ஒரு வளைவு, ஒரு மடிப்பு, கை மாதிரி. அந்தக் கை சர்க்கரையைப் பிடிக்கும், அதுவும் எல்லாச் சர்க்கரையையும் அல்ல, தனக்குப் பொருந்தும் ஒன்றை மட்டும். வேகவைத்தால் மடிப்பு கலைந்துவிடும், கை போய்விடும். கோதுமையில் ஒரு லெக்டின், நிலக்கடலையில் ஒன்று, பலாவில் ஒன்று, ஒவ்வொன்றும் வெவ்வேறு சர்க்கரையைத் தேடும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் மேலே சர்க்கரையால் ஒரு சட்டை இருக்கிறது என்றாய். எந்த லெக்டின் எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தால், அந்தச் செல் என்ன சட்டை போட்டிருக்கிறது என்று தெரியும். பச்சை நிறச் சாயம் கட்டிய லெக்டினை நஞ்சுக்கொடித் துண்டின் மேல் விட்டு, அந்தப் பெரிய மைக்ராஸ்கோப்பில் எனக்குக் காட்டினாய். கறுப்பில் கிளை கிளையாக ஏதோ ஒரு மரம். ஒவ்வொரு கிளையின் ஓரத்திலும் பச்சையாக ஒரு கோடு, தீபாவளிக்கு வேலி நெடுக மின்விளக்கு போட்டதுபோல். அந்தப் பச்சை ஓரம்தான் அம்மாவின் ரத்தத்தைத் தொடுகிற ஓரம் என்றாய். குழந்தையில் பாதி அப்பன், அம்மாவின் உடம்புக்கு அது வேற்றாள். இருந்தும் உடம்பு அதை விரட்டாமல் பத்து மாதம் வைத்துக்கொள்கிறது. அதற்கு இந்தச் சட்டையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றாய். எனக்கு உடனே புரிந்துவிட்டது. தோட்டத்தில் எத்தனை பேர் ஐசி என்கிற நீலக் குடியுரிமை அட்டை இல்லாமல், பிறந்த நாட்டிலேயே வேற்றாளாக அலைந்தார்கள் என்று பார்த்தவன் நான். "அப்ப இது புள்ளையோட ஐசி!" என்றேன். நீ கொஞ்சம் யோசித்து, "அப்படியும் சொல்லலாம்ப்பா" என்றாய். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு?

வெந்த கொட்டையையும் நீ தூக்கிப் போடவில்லை. "இதையும் அரைச்சு வச்சுக்கறேன். ஒட்டாதது எப்படி இருக்கும்னு பக்கத்துல வச்சுக் காட்டணும்ல" என்றாய். அம்மாவின் சமையல் ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டது என்று அதை இன்றுவரை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் காட்டினாய். லெக்டினோடு முதலிலேயே வெறும் சர்க்கரையைக் கலந்து விட்டால், அது அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு, செல்லின் மேல் ஒட்டாமல் கழுவும்போது போய்விடுகிறது. மைக்ராஸ்கோப்பில் வெறும் இருட்டு. "கை நெறஞ்சிருந்தா எதையும் பிடிக்க முடியாதுப்பா" என்றாய். அப்போது நான் சிரித்தேன். இந்த வாரம் அது வேறு மாதிரி ஞாபகம் வருகிறது, என் கை நிறையப் பெருமை இருந்ததால் நீ சொன்னது எதுவும் ஒட்டவில்லை என்று.

ஏனென்றால் அங்கிருந்து கிளம்பிய அன்றே நான் ஆரம்பித்துவிட்டேன். என் மகள் கர்ப்பிணிகளின் பிரஷருக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று தாமானில் சொன்னேன். பசாரில் சொன்னேன். கோயிலில் சொன்னபோது வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும் சேர்த்தேன். பக்கத்து வீட்டு இந்திராவின் மகள் பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "அங்கிள், அக்கா கண்டுபிடிச்ச மருந்து எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கேட்டாள். வரும், வரும் என்றேன். கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன். கிளினிக்கிலிருந்து உன்னை இங்கே கொண்டுவரும்போது வேனில் நான் என்ன சொன்னேன்? "நீ ஏன் பயப்படற? உன் லேப்ல இருக்கறத எடுத்துக்கிட்டா சரியாப் போச்சு." நீ ஜன்னல் பக்கம் திரும்பி, "மருந்து இல்லப்பா. பிரஷர் வந்தவங்களோட சர்க்கரையும் வராதவங்களோடதும் ஒரே மாதிரி இருக்கா, வேற மாதிரி இருக்கான்னு பாக்கறேன். அவ்வளவுதான். இன்னும் எனக்கே தெரியாது" என்றாய். அலோர் காஜா பாதையில் வண்டியை ஓரமாக நிறுத்தினேனே, டயர் பார்க்க இறங்கினேன் என்று சொன்னேனே, டயருக்கு ஒன்றும் இல்லை. பின்னால் நின்று, யார் யாரிடமெல்லாம் மருந்து என்று சொல்லிவைத்தேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி அந்த இரண்டு வாக்குகள். செம்படாக் கொண்டுவந்த அன்று உன் பேராசிரியர் அம்மா வந்து என்னிடம் கை கொடுத்தார். நஞ்சுக்கொடி கொடுக்கும் தாய்மார்கள் கிடைப்பது சிரமம் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார். அப்போது நீ முழுகாமல் இருந்தாய், மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கவலப்படாதீங்க டாக்டர், என் மகளோடது உங்களுக்குத்தான்!" என்றேன். நீ பக்கத்து அறையில் இருந்தாய். பிறகு வளைகாப்பு. சுங்கை ரம்பாயிலிருந்து சம்பந்தி வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். உன் மாமியார் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "சம்பந்தி, ஒரு விஷயம். எங்க வீட்டு வழக்கம், நஞ்சுக்கொடிய கழுவி, மஞ்சள் தடவி, புதுச் சட்டியில வச்சு வாசல்ல புதைப்போம். உங்க மாப்ள தினேஷோடது அங்கதான் இருக்கு. அதான் அவன் எங்க போனாலும் வீட்டுக்கு வந்துடறான். பேரப்புள்ளையோடதும் அங்க வந்தா..." அவர் முடிக்கவே இல்லை. "அதுக்கென்ன சம்பந்தியம்மா! நானே மடியில வச்சுக் கொண்டாந்து குடுக்கறேன், நாதஸ்வரத்தோட" என்றேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் நான் சொன்னது அழகாக இருந்தது. ஒரே நடைக்கு இரண்டு தவுக்கே முதலாளிகளிடம் தலையாட்டிய டிரைவர் ஆனேன். பாரம் யாருடையது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

நீ சேர்ந்த மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அது வெடித்தது. உன் மாமியார் கட்டிலுக்கு ஒரு பக்கம், "அப்பா சொல்லிட்டாரு, சட்டி வாங்கிட்டேன்மா" என்கிறார். மறு பக்கம் ஃபரிடா பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உன் அப்பா எப்பவோ சரின்னு சொல்லிட்டாராம், பேராசிரியர் சொன்னாங்க. ஆனா நான் உன்னைத்தான் கேக்கணும்" என்கிறாள். நீ இரண்டு பேரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். "அப்பா, லேப்ல ஒவ்வொரு அம்மா பக்கத்துலயும் உக்காந்து பேசுவோம். எதுக்கு, எவ்வளவு எடுப்போம்னு சொல்லுவோம். வேணாம்னா சிரிச்சிட்டு எழுந்து வந்துருவோம். வலி எடுத்த பிறகு கேக்கவே மாட்டோம், ஏன்னா அப்ப எதுக்கு வேணாலும் சரின்னு சொல்லிருவாங்க. முன்ன பின்ன தெரியாதவங்களுக்கே அப்படி. நீங்க சொந்த மகள ஒரு வார்த்த கேக்காம ரெண்டு வீட்டுக்குக் குடுத்துட்டீங்க. இன்னும் எனக்குள்ளதான்ப்பா இருக்கு அது. அது நல்லா இருக்கா, ஒழுங்கா வேலை செய்யுதான்னு தெரியாம நான் இங்க படுத்திருக்கேன்." சத்தம் போடாமல்தான் சொன்னாய். ஆனால் கையில் கட்டியிருந்த மெஷின் கத்தியது. மிஸ்ஸி ஓடிவந்து எங்கள் எல்லாரையும் வெளியே தள்ளினாள். அன்றிலிருந்து நான் வந்தால் நீ கண்ணை மூடிக்கொள்கிறாய். நீ தூங்குவதாக நம்பியதுபோல் நானும் நடிக்கிறேன்.

நேற்று சுங்கை ரம்பாய் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஜோடித்துக்கொண்டே போனேன். சட்டம் மாறிவிட்டது என்று சொல்லலாமா, டாக்டர் தடுத்துவிட்டார் என்று சொல்லலாமா என்றெல்லாம். போய் உட்கார்ந்ததும் ஒன்றும் வரவில்லை. "சம்பந்தியம்மா, நான் சொன்னது செல்லாது. என் மக புனிதாவக் கேக்காம சொல்லிட்டேன். அதே பொருள லேபுக்கும் சொல்லியிருக்கேன்" என்றேன். அவர் காப்பி போட எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பேருக்குமா?" என்றார். "ரெண்டு பேருக்கும்." "நல்லவேளை உங்களுக்கு ஒரே மக" என்றார். காப்பி வரவில்லை. சம்பந்தி வீட்டில் தொண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. கிளம்பும்போது அந்த அம்மா உள்ளே போய், தாளில் சுற்றிய புதுச் சட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "மருமகளக் கேளுங்க. குடுத்தா இதுல கொண்டாங்க. குடுக்கலன்னா ரசம் வச்சுக் குடிங்க. ஆனா ஒண்ணு சம்பந்தி, இன்னொரு தடவை எனக்கு எதுவும் வாக்குக் குடுக்காதீங்க. நான் நம்பிடறேன்." அந்தக் கடைசிச் சொல்லைத் தூக்கிக்கொண்டு ரெம்பியா வரைக்கும் ஓட்டி வந்தேன்.

இன்று காலையில் ஃபரிடாவைப் பிடித்தேன். தஞ்சோங் கிளிங்கில் மீன் ஏற்றிய காலத்து ஐஸ் பெட்டியைத் தேய்த்துக் கழுவி எடுத்து வந்திருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை, வெறுங்கையோடு நிற்க முடியவில்லை. அவள் அதை முகர்ந்துவிட்டு, "பாக்சிக், எங்க பெட்டி எங்ககிட்ட இருக்கு லா" என்றாள். மலாயிலும் நான் அங்கிள்தான். அவளிடமும் சொன்னேன், நான் கொடுத்த வாக்கு என்னுடையது, மகளுடையது அல்ல, பேராசிரியரிடமும் சொல்லிவிடு என்று. அவளுக்கு அது முதலிலேயே தெரியும். பிறகு அவள் ஒன்று சொன்னாள், நான் இத்தனை நாள் கேட்காத ஒன்று. லேபுக்கு வேண்டியது சின்னச் சின்னத் துண்டுகள்தானாம். மிச்சத்தைக் குடும்பம் கேட்டால் கொடுத்துவிடுகிறார்களாம். "எங்க வீட்டுலயும் கழுவிப் புதைக்கத்தான செய்வோம், பாக்சிக்" என்றாள். எனக்கு முதலில் தலையில் விளக்கு எரிந்தது. ஆகா, இரண்டு வாக்கும் பிழைத்தது என்று துள்ளி உன்னிடம் ஓடிவர லிப்ட் வரைக்கும் போய்விட்டேன். அங்கே நின்றுவிட்டேன். மறுபடியும் அதையேதான் செய்யப் போகிறேன் என்று புரிந்தது. இரண்டுக்கும் வழி இருக்கிறது என்பதற்காக நீ இரண்டுக்கும் சரி என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுக்கும்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பச்சை ஓரத்தை மற்றவர்களுடையதில் பார்ப்பது வேறு, உன்னுடையதையே கண்ணாடிக்குக் கீழே வைத்து, என் பிள்ளைக்கு இது சரியாக இருந்ததா என்று பார்ப்பது வேறு. அது உனக்கு வேண்டுமா என்று எனக்கு எப்படித் தெரியும்? உனக்கே தெரியாமல்கூட இருக்கலாம்.

ஆகையால் இது கேள்வி. உனக்கு இன்னும் வலி எடுக்கவில்லை, அதனால் உங்கள் லேப் வழக்கப்படி இப்போது கேட்கலாம் என்று நினைக்கிறேன். லேபுக்கா, வாசலுக்கா, இரண்டுக்குமா, எதற்கும் இல்லையா? பதில் சொல்லாமல் இருந்தாலும் அது பதில்தான். யாரிடம் சொல்ல விருப்பமோ அவர்களிடம் சொல், என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. என்னிடம் சொன்னால் சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்ப்பேன், ஒரு சொல் கூட்டாமல்.

இன்னொன்று. தாமானில் கேட்பவர்களிடமெல்லாம் எல்லாம் நார்மல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேனுக்கு எண்ணெய் பார்க்கிறேன், மறுபடி போய்ப் பார்க்கிறேன், எண்ணெய் அப்படியேதான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, பாப்பா. இந்தக் கடிதத்தில் மீன் நீந்தாத வரி இது.

மேலே உள்ள தாள்களை அம்மா சாப்பாட்டுக்கு இறங்கி வந்தபோது கொடுத்து அனுப்பினேன். இது அதற்குப் பிறகு எழுதுவது.

அம்மா மறுபடி இறங்கி வந்தபோது ஓட்டமாக வந்தாள். சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கார்களுக்கு நடுவே. எனக்கு உயிரே இல்லை. "படிச்சா" என்றாள். மூச்சு வாங்கியது. "படிச்சிட்டு அழுதா. நல்லா அழுதா. அப்புறம் தலை வலிக்குதும்மான்னா. கண்ணு முன்னாடி மின்னுதுன்னா. அவளே மணிய அமுக்கி மிஸ்ஸியக் கூப்ட்டுச் சொன்னா." டாக்டர் வந்தாராம். நாளை வரைக்கும் வேண்டாம், இப்போதே உள்ளே கொண்டுபோகலாம் என்றாராம். நீயே ஃபரிடாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினாயாம். என்ன சொன்னாய் என்று அம்மா சொல்லவில்லை. என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. "அந்தச் சட்டிய மட்டும் மேல கொண்டாரச் சொன்னா" என்றாள்.

இப்போது ஆபரேஷன் அறைக்கு வெளியே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே போகும்போது நீ என்னைப் பார்த்தாய், கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை, சட்டியைத் தூக்கிக் காட்டினேன். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து நிற்கிறான். பக்கத்தில் இருக்கிற ஒரு சீனத்து ஆள் சட்டியைக் காட்டி என்னவென்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் அவருக்கு ஒரு ராஜா கதை கிடைத்திருக்கும். "சட்டி" என்றேன்.

சற்று முன் உன் மாமியார் போன் செய்தார். "சம்பந்தி, எப்படி இருக்கா? என்ன சொன்னாங்க?"

"தெரியாது சம்பந்தியம்மா. உள்ள இருக்கா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

நான் இவ்வளவு குறைவாகப் பேசி அவர் கேட்டதில்லை. "நான் பஸ் ஏறிட்டேன்" என்றார்.

கதவு இன்னும் திறக்கவில்லை.

அப்பா